கறிக்கு எடுத்த ஹோன்

ஏலத்தைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று மச்சான் சொன்னார், நான் நம்பினேன். நம்பாமலிருக்க எனக்குக் காரணம் இருக்கவில்லை. என் அக்காவான லாத்தாவைக் கட்டி, எங்கள் ஊர் வழக்கப்படி பெண்வீட்டுக்கு வந்து குடியிருந்த அவர், கல்முனைக் கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவர். கரைவலை ஏறும் நேரத்தில் அவர் குரல் எழும்பினால் சந்தைக்கு அப்பால் தபால் கந்தோர் வரை கேட்கும். அந்தக் குரலையும் என்னுடைய ஆங்கிலத்தையும் ஒன்றாகச் சேர்த்தால் மலைநாட்டில் எங்களை எதிர்த்து நிற்க ஒருவனும் இல்லை என்பது என் முடிவு.

எனக்கு அப்போது இருபது வயது. மிஷன் பள்ளியில் ஆங்கிலத்தில் படித்துத் தேறியிருந்தேன். எங்களுக்குக் கணிதம் படிப்பித்த வெள்ளைக்காரப் பாதிரியார் தன் நாட்டுக்குத் திரும்பும்போது ஒரு பெட்டி நிறைய மோட்டார் சஞ்சிகைகளை என் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார். அவற்றை நான் படித்த படிப்பைப் பாடப் புத்தகத்தில் காட்டியிருந்தால் டொக்டராகியிருப்பேன் என்று உம்மா இன்றும் சொல்வார். அந்தச் சஞ்சிகைகளில்தான் அந்தச் செய்தி இருந்தது. பழைய கார்களைத் தேடி வாங்கி, புதிதாக்கி விற்கிற ஆட்கள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள்; கார் எவ்வளவு பழையதோ அவ்வளவு மதிப்பு.

இதை வாப்பாவிடம் சொன்னபோது அவர் சம்மாந்துறை வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"அப்ப பழசாகப் பழசாக வெல கூடும்?"

"ஓம் வாப்பா."

"நம்மட கெழட்டு எருமக்கடா ரெண்டு நிக்கி. அதுகளையும் இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவமா?"

வாப்பா சிரிக்காமல் பேசுகிறவர். அவருடன் தர்க்கம் செய்கிறவர்களுக்கு அது ஒரு பெரிய தொல்லை.

வாசிகசாலைக்கு வரும் ஆங்கிலப் பத்திரிகையில் நான் செய்திகளைத் தொடமாட்டேன். ஏல விளம்பரங்களுக்கு நேராகப் போவேன். துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. கப்பலேறாதவர்கள் தோட்டத்திலேயே மவுத்தாகிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வகையிலும் கட்டில், பியானோ, மான்கொம்பு, கார் எல்லாம் ஏலத்துக்கு வந்தன. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது என்று கடிதம் வந்த அதே கிழமைதான் அந்த விளம்பரமும் வந்தது. பசறைக்கு அப்பால் ஒரு தோட்டத்து பங்களா. காலமான துரையின் உடைமைகள். ஒரு மோட்டார் கார் உட்பட.

விளம்பரத்தைப் படியெடுத்து, இரண்டு காகிதத்தையும் வாப்பாவுக்கு முன்னால் வைத்தேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வாத்தியார் எண்டா மாசம் முடியச் சம்பளம். நாலு பேர் சலாம் சொல்லுவான். கார் யாவாரி எண்டா ஆரு பொண்ணு தருவான்?"

"எனக்கு இப்ப பொண்ணு வேணாம் வாப்பா. ஒரு கரும்பலகைக்கு முன்னால நாப்பது வருசம் நிக்க என்னால ஏலா."

"நிக்க ஏலாட்டி கதிர தருவாங்க."

லாத்தா உள்ளேயிருந்து சிரித்தார். வாப்பா கொஞ்சம் யோசித்தார். பிறகு நெல் விற்பனைக்குச் சொல்வதைப் போல ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"ஒரு காருக்கு நான் உதவுறன். கொலேஜ் துறக்கிற நாளைக்குள்ள ஒருத்தன் அத வாங்கி இந்த வளவ விட்டு ஓட்டிக்கொண்டு போகணும். தள்ளிக்கொண்டு இல்ல, ஓட்டிக்கொண்டு. போனா நீ யாவாரி, நான் வாய் தொறக்க மாட்டன். போகாட்டி அட்டாளச்சேனைக்குப் போற முதல் பஸ்ஸில நீ இரிக்கணும்."

கலாசாலை திறக்க நாலு மாதம் இருந்தது. நாலு மாதத்தில் நான் நாலு கார் விற்பேன் என்று அன்று பகல் உம்மாவிடம் சொன்னதாக ஞாபகம்.

பங்களாவின் புல்தரையில் நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டிருந்தன. துரைமாரும் பதுளைக் கடைக்காரர்களுமாக முப்பது பேரளவில் இருந்தார்கள். ஏலம் கூறியவர் தொண்டையைக்கூட உயர்த்தாமல் பேசினார். கேட்கிறவர்கள் அதைவிட மோசம்; ஒருவர் பென்சிலைத் தூக்குவார், ஒருவர் புருவத்தைத் தூக்குவார், அவ்வளவுதான். மச்சானுக்கு இது பிடிக்கவில்லை.

"என்ன மச்சான், மையத்து வீட்டுக்கு வந்த மாதிரி குந்திக்கொண்டு இரிக்கானுகள்?"

"மையத்து வீடுதான் மச்சான். துரை மவுத்தாகித்தானே ஏலம்."

கார் கடைசியில் வந்தது. என் வயதைவிட மூத்த கார். துணிக்கூரை, நீண்ட பொனட், முன்னால் தவளைக் கண்களைப் போல இரண்டு பித்தளை விளக்கு. பச்சை நிறம் என்று சொல்லத்தக்கதாக ஏதோ ஒன்று அதில் மிச்சமிருந்தது. இருபது வயதில் அப்படியொன்றைப் பார்த்தால் மனிதனுக்கு என்ன ஆகும் என்று இப்போது விளக்க முடியாது. எனக்கு வாய் வறண்டுபோயிற்று. ஆங்கிலம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

நல்லவேளை மச்சானுக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை. ஒரு துரை பென்சிலைத் தூக்கினார். மச்சான் எழும்பி நின்று, இரண்டு கையையும் வாயருகில் குவித்து, கல்முனைக் கடற்கரையில் சூடை மீனுக்குக் கூறுகிற குரலில், ஒரே மூச்சில் விலையைச் சொன்னார். தேத்தண்ணிக் கோப்பைகள் அசைந்தன. துரையின் விதவையான துரைசானியின் காலடியில் படுத்திருந்த நாய் எழும்பி உள்ளே ஓடிற்று. பென்சில் துரை எங்களைத் திரும்பிப் பார்த்தார். பென்சிலைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார். அவருக்கு விலை பயமில்லை, அடுத்த கூவல்தான் பயம் என்று நினைக்கிறேன்.

கார் எங்களுடையதாகியது. அத்தோடு நாங்கள் அடங்கியிருக்கலாம்.

எங்கள் கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டு. குவியலை ஏலத்தில் எடுத்தவன் போகிறபோது, பக்கத்துக் குவியலிலிருந்து ஒரு மீனைக் கறிக்கு என்று எடுத்துக்கொள்வான். யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால்தான் மரியாதைக் குறைவு. மச்சான் நேராக நடந்து, சில்லறைச் சாமான்கள் வைத்திருந்த மேசைக்குப் போய், அங்கிருந்த ஒரு பித்தளை ஹோனைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கறுப்பு ரப்பர்ப் பந்தோடு கூடிய பழைய ஹோன். அதற்குத் தனியாக ஓர் இலக்கம் ஒட்டியிருந்தது.

ஏலக்காரர் ஓடி வந்தார். "மிஸ்டர், அது வேறு சாமான்."

"என்ன சொல்லுறான்?" என்று மச்சான் என்னைக் கேட்டார்.

"களவு எண்டு சொல்லுறான். வைங்க மச்சான்."

"களவா? கறிக்கு ஒண்டு எடுக்கிறது களவா? இவன் ஏலம் கூறத் தெரியாதவன் எண்டு நான் அப்பவே நினைச்ச."

நான் வியர்த்து வழிய அந்த வழக்கத்தை ஆங்கிலத்தில் விளக்கினேன். சூடை மீன், குவியல், கறி, மரியாதை. என் வாழ்க்கையில் நான் பேசிய மிக மோசமான ஆங்கிலம் அதுவாகத்தான் இருக்கும். கறுப்பு உடுப்போடு வராந்தாவில் உட்கார்ந்திருந்த துரைசானி முழுவதையும் கேட்டார். பிறகு, புருஷன் போனபின் முதல் தடவையாக இருக்கலாம், சிரித்தார். அந்த ஹோன் அந்தக் காரிலிருந்து கழற்றியதுதான், கொண்டுபோகட்டும் என்றார். காரைப் பத்திரமாக வைத்திருங்கள் என்றும் சொன்னார். "என் கணவர் இதில் நாய்க்குக்கூட இடம் கொடுத்ததில்லை. மணம் ஒட்டிக்கொள்ளும் என்பார்."

நாயைப் பற்றி அவர் சொன்னதை மச்சானுக்கு மொழிபெயர்த்தேன். "நல்ல மனுசன். நாய் படாம, தொழுகைக்குக் கழுவின வுழு முறியாம ஓடியிரிக்கான்" என்று அவர் ஒத்துக்கொண்டார்.

மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தது தனிக் கதை. பிரேக் இருந்தது, ஆனால் அதற்கு விருப்பமிருந்தால்தான் பிடித்தது. மச்சான் மடியில் ஒரு கருங்கல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்; கார் நிற்கும்போதெல்லாம் குதித்து இறங்கிச் சில்லுக்கு முன்னால் அதை வைப்பது அவர் வேலை. பிபிலைக்கு வரும்போது அந்தக் கல்லோடு அவருக்கு ஓர் உறவு வந்துவிட்டது. செங்கலடியில் நல்ல கல் ஒன்று கிடந்தும் பழையதை எறிய மறுத்துவிட்டார். ஊருக்குள் நுழைந்தபோது அவர் கல்லை என் மடியில் போட்டுவிட்டு ஹோனை அமத்தினார். அது எருமைக்கன்று தாயைத் தேடுவது போன்ற ஒரு சத்தம். கடைத்தெரு முழுவதும் வெளியே வந்தது.

காரைச் சுற்றி நின்றவர்கள் பொனட்டைத் திறந்து பார்த்தார்கள், டயரை உதைத்தார்கள், ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்.

"எத்தின மூட நெல் ஏத்தலாம்?"

இது நெல் ஏத்துகிற கார் இல்லை, பழைமைக்காக வைத்திருக்கிற கார் என்று நான் சொன்னேன். எங்கள் அயலில் இருந்த ஒரு ஹாஜியார் கனிவோடு என் தோளைத் தட்டினார். "படிச்ச புள்ள. போகப் போகச் சரிவரும்."

இயந்திரத்தை நானே பிரித்தேன். பாதிரியாரின் சஞ்சிகையை மணலில் விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்து, படம் பார்த்துப் பார்த்துச் செய்தேன். இரண்டு தடவை பூட்டி முடித்தபோது சில ஆணிகள் மிச்சமிருந்தன. மூன்றாம் தடவை மிச்சமில்லை, இயந்திரம் பிடித்தது. அன்று நான் வாப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றும் இருக்கவில்லை, ஆனால் அஸர் தொழப் போனவர் வழியில் ஒரு தரம் நின்று இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டார்.

பிரச்சினை உடம்பில் இருந்தது. அந்தக் காலத்துக் கார்களுக்குத் தகட்டுக்கு உள்ளே மரச்சட்டம்தான் எலும்பு. மலை ஈரத்தில் அது உளுத்துப் போயிருந்தது. விரலால் குத்தினால் விரல் உள்ளே போகும். மரம் என்றால் எங்கள் ஊரில் ஓடாவியார்தான். கடற்கரையில் தோணி கட்டுகிறவர். அவர் வந்து காரின் கீழே படுத்து நீண்ட நேரம் பார்த்தார்.

"இதக் கட்டினவன் தோணி கட்டினவன் இல்ல" என்றார் வெளியே வந்து. "வங்குச் சட்டம் எல்லாம் கோணல். நான் கட்டித் தாறன். ஆனா நான் கட்டினா இது கடலுக்கும் போகும்."

"தரையில ஓடினாப் போதும் ஓடாவியார்."

"அத நீ பாத்துக்கொள்."

ஒரு மாதம் வேலை செய்தார். அவர் வளைத்த சட்டங்கள் பின்பக்கத்தில் விலா எலும்புகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. தகடு போட்டு மூடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. மூட முன்னர் அவர் ஒரு பானையைக் கொண்டுவந்தார். சுறா எண்ணெய், அதில் குங்கிலியம் போட்டுக் காய்ச்சியது. தோணிக்குப் பூசுகிற அதே மருந்து.

"இது உப்புக் காத்து மகன். இரும்பையும் தின்னும், மரத்தையும் தின்னும். இதப் பூசினா உன்ட பேரப்புள்ள காலத்துக்கும் ஒண்டும் செய்யா."

எனக்கு அது மிகவும் சரியென்று பட்டது. சட்டம் முழுவதும் பூசினோம். அடித்தட்டில் பூசினோம். கதவுகளுக்கு உள்ளே, இருக்கைகளுக்குக் கீழே, கை போகிற இடமெல்லாம் பூசினோம். பானையில் மிஞ்சியதை மச்சான் ஓட்டைகளுக்குள் ஊற்றினார். மரம் ஒரு கிழமையாக அதைக் குடித்தது. பிறகு தகடு போட்டு மூடி, கரும்பச்சை மை பூசி, மருதமுனை நெசவுச் சீலையில் இருக்கைகளுக்கு உறை தைத்தோம். கூரைக்குப் பாய்ச்சீலை. பித்தளையைச் சாம்பலும் தேசிக்காயும் போட்டு லாத்தா விளக்கினார். முடித்து வெளியே எடுத்தபோது அந்தக் கார் வெயிலில் நின்ற நிலையைப் பார்த்து, பள்ளிவாசலுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் செருப்பைக் கழற்றாத குறை.

ஆங்கிலத்தில் ஒரு துண்டுப் பிரசுரம் எழுதி அச்சடித்தேன். அதில் ஒரு வரியில் எனக்கு அளவில்லாத பெருமை: கடல்சார் விசேட பாதுகாப்புத் தைலம் பூசப்பட்டது. அதைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னேன்.

ஊரில் அதை எல்லாரும் ஏறிப் பார்த்தார்கள். வாப்பாகூட ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போக ஏறினார். "குந்தக்குள்ள சுகமாத்தான் இரிக்கி" என்றார். ஒருவரும் வாங்கவில்லை. வாங்குகிற ஆள் வெளியிலிருந்துதான் வருவான் என்று எனக்கு முன்னமே தெரியும்.

வந்தார். கல்லோயாப் பக்கம் வேலைக்கு வந்திருந்த கொழும்பு எஞ்சினியர் ஒருவர் என் பிரசுரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, மனைவியோடும் சாரதியோடும் வந்தார். கலாசாலை திறக்க மூன்று கிழமை இருந்தது. காரைக் கண்டதும் அவர் கண் விரிந்தது. ஒரே பார்வையில் எனக்குப் புரிந்துவிட்டது. இவரும் சஞ்சிகை படிக்கிறவர். சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், இயந்திரத்தைக் கேட்டுத் தலையாட்டினார். விலையைக் கேட்டார், சொன்னேன், பேரம் பேசவில்லை. நான் அந்த நிமிடத்தில் என் இரண்டாவது காரை மனதில் வாங்கிவிட்டேன்.

பிறகு அவர் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். உடனே இறங்கினார். மனைவி பக்கத்துக் கதவைத் திறந்து, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலடி பின்னால் போனார்.

"மன்னிக்க வேண்டும். உள்ளே ஏதாவது செத்துக் கிடக்கிறதா?" என்றார் எஞ்சினியர் ஆங்கிலத்தில்.

நாங்கள் பதறிப்போனோம். இருக்கையைத் தூக்கினோம், பாயை உதறினோம். மச்சான் தலையை உள்ளே விட்டு, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய மூச்சிழுத்தார். வெளியே வந்து உண்மையாகவே குழம்பிப்போய்ச் சொன்னார்:

"ஒண்டும் மணக்கலியே."

நானும் மணந்து பார்த்தேன். எனக்கும் ஒன்றும் மணக்கவில்லை. வேடிக்கை பார்க்க நின்றவர்கள் ஆறேழு பேர் வரிசையாகத் தலையை விட்டு மணந்தார்கள். ஓடாவியார் மணந்தார். வாப்பாவையும் அழைத்துக் கேட்டோம். மை மணம் கொஞ்சம் இருக்கிறது என்றார் ஹாஜியார். மற்றபடி சுத்தமான கார். எஞ்சினியர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒரு ஊரே சேர்ந்து தன்னை ஏமாற்றுகிறது என்று நினைத்தாரோ என்னவோ. ஆனாலும் கார் அவரை விடவில்லை. பத்து நாளில் திரும்பி வருகிறேன், எலியாக இருக்கும், தேடி எடுத்து வையுங்கள் என்றார்.

எலியைத் தேடினோம். எலி இல்லை. மணமும் இல்லை. இருந்தாலும் கொழும்பு ஆட்களின் மூக்கு மென்மையானது என்று முடிவுகட்டி, லாத்தா மூன்று நாள் காருக்குள் சாம்பிராணி போட்டார். மச்சான் பெருநாளைக்கு வைத்திருந்த அத்தரில் பாதியை இருக்கையில் தடவினார். நான் கற்பூர உருண்டைகளை மூலைகளில் வைத்தேன்.

பத்தாம் நாள் எஞ்சினியர் கதவைத் திறந்தார், மனைவி வரவில்லை. இந்தத் தடவை அவர் உட்காரவும் இல்லை.

"இப்போது செத்தவனைக் குளிப்பாட்டியிருக்கிறீர்கள்" என்றார் மெதுவாக. பொனட்டை ஒரு தரம் தடவிக்கொடுத்தார். போய்த் தன் காரில் ஏறினார்.

அவருடைய சாரதி, நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர், போவதற்கு முன்னால் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தம்பி கோவிச்சுக்கக் கூடாது. அது எலி இல்ல. சொறா எண்ண."

"அது தோணிக்கெல்லாம் பூசுறதுதானே. அதுக்கு மணமில்லையே."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "ஒங்க ஊருக்குள்ள எங்க காரு நுழையிறப்பவே எனக்கு அந்த வாட வந்துருச்சு. ஊரு முழுக்க அதுதான் தம்பி. நீங்க அதுக்குள்ளயே பொறந்தவங்க. இந்தக் காருக்குள்ள இப்ப ஒங்க ஊரே இருக்கு. அத எப்படிக் கழுவுவீங்க?"

நான் அன்று பிற்பகல் சைக்கிளில் வீரமுனை தாண்டி வயல்வெளி வரை போய், ஒரு மணித்தியாலம் வெறுங்காற்றில் நின்று, திரும்பி வந்து காரின் கதவைத் திறந்தேன். ஏதோ இருப்பது போலிருந்தது. கதவை மூடித் திறந்தேன், போய்விட்டது. மரம் ஒரு கிழமை குடித்ததை வெளியே எடுக்க வழியில்லை என்று ஓடாவியார் கையை விரித்தார். வெளியேற வழியில்லாதபடிதான் தான் பூசினது என்று அதில் அவருக்குக் கொஞ்சம் திருப்தியும் இருந்தது.

கலாசாலை திறக்க ஐந்து நாள் இருந்தது. உம்மா எனக்கு வெள்ளைக் காற்சட்டை இரண்டு தைக்கக் கொடுத்திருந்தார். வாப்பா அட்டாளைச்சேனை பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் ஒருவரிடம், எனக்குக் கேட்கும்படியாக, விசாரித்தார்.

அப்போதுதான் மச்சான் கருவாட்டு முதலாளியைக் கூட்டிக்கொண்டு வந்தார். சாய்ந்தமருதுக்காரர், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குக் கருவாடு அனுப்புகிறவர். அவர் வந்ததும் கதவைத் திறக்கவில்லை, மணக்கவில்லை. காரின் பின்பக்கத்தைக் கையால் அளந்தார்.

"இயந்திரம் மல ஏறுமா?"

"இறங்கினது மலையில இருந்துதானே" என்றார் மச்சான்.

"அப்பச் சரி. வாங்குறன். கேட்ட விலைக்கே வாங்குறன். ஆனா எனக்கு இந்தப் பின் கதிரையும் கூரையும் வேணாம். முன்கதிரைக்குப் புறகால வெட்டிப்போட்டு ஒரு பெட்டி அடிச்சுத் தரணும்."

நான் பேச முன் மச்சான் என் கையைப் பிடித்தார். "மச்சான், நல்லாக் கேளு. இவருக்கு மணம் ஒரு பொருட்டே இல்ல. இலங்கையில இந்தக் காருக்கு வேற ஆள் இல்ல."

"அது துணிக்கூரைக் கார் மச்சான். அத வெட்டினா அதுல என்ன இரிக்கி?"

"கொலேஜுக்குப் போகாம இருக்கிறது இரிக்கி."

மறுநாள் காலையில் ஓடாவியார் வாளோடு வந்தார். முன்கதிரைக்குப் பின்னால் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு கீறினார். அவர் ஒரு மாதம் வளைத்த சட்டங்கள் எல்லாம் அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருந்தன. வாப்பா வேப்பமரத்தடியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெட்டவா மகன்?" என்று ஓடாவியார் கேட்டார். "வேணாம் எண்டு சொன்னா வாளத் தூக்கிக்கொண்டு போறன். எனக்கும் கை வருகுதில்ல."

இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் போராடினேன் என்று எழுத ஆசை. சஞ்சிகைகளில் வருகிற மனிதர்கள் அப்படித்தான் செய்திருப்பார்கள். நான், உம்மா அலசி உலர்த்தியிருந்த வெள்ளைக் காற்சட்டைகளைப் பார்த்தேன். கொடியில் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன.

"வெட்டுங்க ஓடாவியார்."

கெதியாக வெட்டினார். மரம் அறுபடும்போது எழும்பிய தூளில் எல்லாரும் தும்மினார்கள். வெட்டிய சட்டங்களை அவரே தோளில் தூக்கிக்கொண்டார். ஒரு தோணியின் முன்மூக்கில், அணியத்தில், வைக்கலாம் என்றார். ஆக அந்தக் கார் பாதி கடலுக்கும் போயிற்று, அவர் சொன்னபடியே.

மூன்றாம் நாள் முதலாளியின் ஆள் பித்தளை விளக்கும், நீண்ட பொனட்டும், பின்னால் பலகைப் பெட்டியுமாக அதை வளவை விட்டு ஓட்டிக்கொண்டு போனான். தள்ளவில்லை, ஓட்டினான். சந்தியில் ஹோன் அடித்தான். வாப்பா எழும்பினார்.

"சொன்னது சொன்னதுதான். ஊருக்கு ஒரு வாத்தியார் குறைஞ்சான், ஒரு கருவாட்டு லொறி கூடிச்சு."

கலாசாலைக் கடிதத்தைக் கிழிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அதை நாலாக மடித்துக் காணி உறுதிகள் இருக்கிற பெட்டிக்குள் வைத்தார். "கிடக்கட்டும். வாற வருசமும் கொலேஜ் துறப்பாங்க."

இரண்டு மாதம் கழித்துப் பண்டாரவளையில் இன்னொரு ஏலம். மச்சானும் நானும் போனோம். நான் இப்போது வியாபாரி. புதுச் சேட்டும் சட்டைப்பையில் ஒரு பென்சிலும் இருந்தன. புல்தரையில் ஒரு சின்னக் கார், சாம்பல் நிறம், முன் கண்ணாடி இரண்டாக மடியும். எனக்கு மறுபடியும் வாய் வறண்டது.

அப்போது கீழே தெருவில் எருமைக்கன்று கத்திற்று.

நான் திரும்பவில்லை. என் முன்வரிசையில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி திரும்பினார். அதே துரைசானி, தோட்டத்தை விட்டு அங்கே ஒரு சின்ன வீட்டுக்கு வந்திருந்தாராம். அவர் நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு எழும்பி, படிகளில் இறங்கித் தெருவுக்குப் போனார். கறுப்பு ரப்பர்ப் பந்தை அமத்தி அமத்திக் கருவாட்டுக்காரன் ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்; காரைச் சுற்றி லயத்துப் பெண்கள் பைகளோடு நின்றார்கள். எனக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. அவருக்கு ஐந்தடி பின்னால் போய் நின்றேன்.

அவர் விளக்குகளைப் பார்த்தார். பொனட்டில் கை வைத்தார். பின்பக்கம் போனார்; பெட்டி நிறைய நெத்தலியும் சுறாக் கருவாடும். நாய் முன்னங்கால் இரண்டையும் பலகையில் வைத்து ஏற முயன்றது. ஒருவரும் தடுக்கவில்லை.

துரைசானி திரும்பி என்னைக் கண்டார். அடையாளம் தெரிந்தது.

"நீங்கள்தானே வாங்கினீர்கள். இதைச் செய்ததும் நீங்களா?"

எனக்கு இரண்டு பதில் இருந்தன. இரண்டுமே உண்மை.

"முன்பக்கம் மட்டும் நான், மேடம்."

அவர் பொனட்டை இன்னொரு தரம் பார்த்தார். "முன்பக்கம் நன்றாக இருக்கிறது" என்றார். பிறகு கைப்பையைத் திறந்து, தனக்குத் தெரிந்த தமிழில், கருவாட்டுக்காரனிடம் நெத்தலி கேட்டார். நாய்க்கு என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்.

மேலே ஏலக்காரரின் மணி அடித்தது. சாம்பல் நிறக் கார். நான் படிகளில் ஓடி ஏறியபோது மச்சான் ஏற்கெனவே எழும்பி நின்று, இரண்டு கையையும் வாயருகில் குவித்துக்கொண்டிருந்தார். கறிக்கு எதை எடுக்கலாம் என்று அவர் கண் மேசைப் பக்கம் போயிருந்தது.